பொயிலரில் 60, அறையில் 20: ஈஸ்ற்ஹாம் வீட்டில் குளிர்காலம்

2022 ஒக்ரோபரில் பிரித்தானியாவில் காஸ் ஓர் அலகு 10.3 பென்ஸுக்கு வந்தது. ஒரு வருடம் முன்பு அது ஏறக்குறைய 4 பென்ஸ். மின்சாரம் 21 பென்ஸிலிருந்து 34க்கு ஏறியது. அந்த நாட்களில் கிழக்கு லண்டனில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் எங்கே கண்டுகொண்டாலும், கோயில் வாசலானாலும் மரக்கறிக் கடையானாலும், கதை ஹீற்றிங்கில்தான் வந்து நின்றது. "நாங்கள் இன்னும் போடவே இல்லை" என்று சொல்லுவதில் சிலருக்கு ஒரு பெருமையும் இருந்தது. பிள்ளைகளுக்கு வீட்டுக்குள்ளேயே ஜக்கெற் போட்டுவிட்டு, வயதானவர்களைப் போர்வைக்குள் இருத்திவிட்டு, மாசக் கடைசியில் பில்லைப் பார்த்து ஆறுதல்பட்டார்கள். மாசி மாதம் போனபோது அதே வீடுகளின் சுவர் மூலைகளில் கறுப்புப் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

அந்த வழி சரியில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். எங்கள் வீட்டில் எழுபத்தைந்து வயது தாண்டிய அம்மா இருக்கிறா. மூட்டுவாதம், கொஞ்சம் இளைப்பு. அவவைக் குளிரில் வைத்து மிச்சம் பிடிக்கும் காசு எனக்கு வேண்டாம். ஆனால் பில்லும் குறைய வேண்டியிருந்தது. அறையைக் குளிரவிடாமல் அலகுகளை எப்படிக் குறைத்தோம் என்பதுதான் இங்கே எழுதுவது.

வீட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். 1900களின் தொடக்கத்தில் கட்டிய, இரண்டு பக்கமும் அடுத்த வீடுகள் ஒட்டியிருக்கும் வரிசை வீடு. முன் சுவரும் பின் சுவரும் ஒன்பது அங்குலச் செங்கல், நடுவில் இடைவெளி கிடையாது. ஈஸ்ற்ஹாம், மனர் பார்க் பக்கம் எங்கள் ஆட்கள் வாங்கியிருக்கும் வீடுகளில் அநேகமானவை இந்த மாதிரித்தான். ஹரோ, வெம்பிளி பக்கம் 1930களில் கட்டிய வீடுகளில் பல இரட்டைச் சுவர் வீடுகள்; அவற்றின் இடைவெளிக்குள் பஞ்சு நிரப்பலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. ஒற்றைச் சுவர், இடைவெளிச் சுவரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பத்தை வெளியே விடும். ஆனால் நடு வீடு என்பதால் பக்கச் சுவர்கள் இரண்டும் அயல்வீட்டுச் சூட்டோடு இருக்கின்றன. வெப்பம் போகும் வழிகள் முன்சுவர், பின்சுவர், கூரை, நிலம், பிறகு காற்று புகும் ஓட்டைகள். எந்த வேலை முதலில், எது பிறகு என்று முடிவெடுக்க இந்தக் கணக்குத் தெரிந்திருந்தால் போதும்.

அடுத்தது பில். பலர் கடைசியில் இருக்கும் பவுண் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். அந்தத் தொகைக்குள் நாட்கட்டணம் இருக்கிறது. ஓர் அலகும் எரிக்காவிட்டாலும் அது வரும். பழைய பாக்கி இருக்கலாம், ஊகித்து எழுதிய வாசிப்பும் இருக்கலாம். எங்களுக்குத் தேவையானது கிலோவாற்-மணிக் கணக்கு; ஓர் அலகு என்று நான் சொல்வது ஒரு கிலோவாற்-மணியைத்தான். புது காஸ் மீற்றர்கள் கன மீற்றரில் ஓடும். ஒரு கன மீற்றர் ஏறக்குறைய 11 அலகு. 2022 விலையில் அது 1 பவுண் 13 பென்ஸுக்குக் கிட்ட. பழைய மீற்றர் என்றால் கன அடியில் ஓடும், கணக்கு வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் மீற்றரைப் பார்த்துக் கொப்பியில் எழுதும் பழக்கத்தை என் கணவர்தான் தொடங்கினார். பக்கத்தில் அந்தக் கிழமை வெளியே எவ்வளவு குளிர் என்றும் ஒரு வரி. அந்த வரி இல்லாமல் இரண்டு கிழமைகளை ஒப்பிட முடியாது. இளஞ்சூடான கார்த்திகையில் பாவனை குறைந்தால் அது எங்கள் கெட்டித்தனத்தால் வந்த குறைவு இல்லை.

அப்போது பரவலாக ஒரு தவறான விளக்கமும் இருந்தது. அரசாங்கம் 2,500 பவுண் என்று ஓர் உத்தரவாதம் அறிவித்தது. அதற்கு மேல் யாரிடமும் அறவிட மாட்டார்கள் என்று எத்தனையோ பேர் நினைத்தார்கள். உண்மையில் அது சராசரி வீட்டின் பாவனையை வைத்துச் சொன்ன வருடக் கணக்கு. கட்டுப்படுத்தியது அலகு விலையைத்தான். கூட எரித்தால் கூடத்தான் கட்ட வேண்டும். எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்கு இதை மீற்றருக்கு முன்னால் நின்று விளக்க வேண்டியிருந்தது.

இனி பொயிலர், காஸை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கி அறைகளின் ரேடியேற்றர்களுக்கு அனுப்பும் இயந்திரம். இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய இலாபம் இதில்தான் இருக்கிறது. தமிழ் வீடுகளில் இதைப் பற்றி யாரும் கதைத்து நான் கேட்டதில்லை.

2022 டிசெம்பர் 11ஆம் திகதி இரவு லண்டனில் பனி கொட்டியது. அந்தக் கிழமை முழுவதும் உறைகுளிர். விடியற்காலையில் பொயிலர் களகளவென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுவிட்டது. காஸ் சேஃப் பதிவுள்ள, அதாவது காஸ் வேலை செய்ய அனுமதி பெற்ற, ஓர் அண்ணையை எங்களுக்குத் தெரியும். அவரைத் தொலைபேசியில் பிடித்தேன். பொயிலரிலிருந்து வெளிச்சுவர் வழியாக ஒரு மெல்லிய பிளாஸ்ரிக் குழாய் இறங்குகிறதா என்று கேட்டார். இறங்கியது. "அதுக்குள்ள தண்ணி உறைஞ்சு போச்சு, தங்கச்சி. கொதிதண்ணி ஊத்தாதேங்கோ, குழாய் வெடிக்கும். கை தாங்கிற சூட்டில மெல்லமா ஊத்துங்கோ, பிறகு ரீசெற் பண்ணுங்கோ" என்றார். என் கணவர் தண்ணீரைக் கேற்றிலில் இளஞ்சூடாக்கி ஊற்றினார். ஆறேழு தரம் ஊற்றியிருப்பார். பொயிலர் திரும்ப எரிந்தது.

குளிர் தணிந்த பிறகு அண்ணை வந்து, வெளியே போகும் பகுதிக்கு 32 மில்லிமீற்றர் குழாய் போட்டு, மேலே பஞ்சுறை சுற்றிவிட்டார். முன்பு இருந்தது 21.5 மில்லிமீற்றர், வெளிச்சுவரில் அந்த மெல்லிசு சீக்கிரம் உறையும். வேலை முடிந்து கை கழுவும்போது பொயிலரின் சின்னத் திரையைப் பார்த்தார். ரேடியேற்றர் படம் போட்ட பக்கத்தில் 80 என்று இருந்தது. பூட்டின நாளிலிருந்து அதுதான் அளவு. அவர் அதை 60க்கு இறக்கிவிட்டு, ஏன் என்று நின்று விளங்கப்படுத்தினார்.

அவர் சொன்னது இது. இங்கிலாந்தில் 2005 ஏப்ரிலுக்குப் பிறகு புதிதாகப் போட்ட காஸ் பொயிலர்களில் கிட்டத்தட்ட எல்லாமே ஒடுக்கும் வகை. காஸ் எரியும்போது நீராவி உண்டாகும். பழைய பொயிலரில் அந்த ஆவி தன் சூட்டோடு புகைக்குழாயால் வெளியே போய்விடும். ஒடுக்கும் பொயிலரில் அந்த ஆவி உள்ளேயே தண்ணீராக மாறி, தன்னிடமிருந்த வெப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டு, அந்த மெல்லிய குழாயால் சொட்டிப் போகும். ஆனால் அது நடக்க ஒரு நிபந்தனை உண்டு. ரேடியேற்றர்களைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் தண்ணீர் ஏறக்குறைய 55 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். 80 பாகையில் அனுப்பினால் பெரும்பாலும் 60க்கு மேலே திரும்பும். ஆவி ஆவியாகவே போய்விடும். 60இல் அனுப்பினால் நாற்பது சொச்சத்தில் திரும்பும், வெப்பம் வீட்டுக்குள்ளேயே நிற்கும். இந்த ஒரு மாற்றத்தால் காஸ் 6 முதல் 8 சதவீதம் வரை குறையும் என்பது தொழில்துறையினர் தரும் கணக்கு. அதே குளிர்காலத்தில் நெஸ்ரா என்ற அறக்கட்டளையும் கொம்பி பொயிலர் (தாங்கி இல்லாமல், குழாயைத் திறக்கும்போதே தண்ணீரைச் சூடாக்கித் தரும் வகை) உள்ள வீடுகளை 60க்கு இறக்கச் சொல்லி நாடு முழுக்கப் பிரசாரம் செய்தது.

இது சுவரில் இருக்கும் தெர்மோஸ்ரற் அளவு இல்லை என்பதைத் திரும்பவும் சொல்கிறேன். தெர்மோஸ்ரற் அறை எத்தனை பாகைக்கு வர வேண்டும் என்று சொல்லும். பொயிலரில் இருப்பது, அங்கே போய்ச்சேர எவ்வளவு சூடான தண்ணீரை அனுப்புவது என்பது. அறை அதே 20க்குத்தான் வரும். கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். நாங்கள் காலையில் ஹீற்றிங் தொடங்கும் நேரத்தை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினோம்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. ரேடியேற்றரில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இதில சூடே இல்லை. காசு மிச்சம் பிடிக்கிறன் எண்டு குறைச்சுப் போட்டியா?" என்று கேட்டா. முன்பு கை வைக்க முடியாது, இப்போது வைக்கலாம். அவவின் சந்தேகம் நியாயமானது. ஒரு சின்ன வெப்பமானி வாங்கி அவவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். ஈரப்பதமும் காட்டும் வகை, பத்துப் பவுணுக்கு உள்ளே. இருபது என்று அதில் கண்டபிறகுதான் சமாதானமானா. முன்பு ரேடியேற்றர் கொதித்துக் கொதித்து அணையும்; அறை ஒருபொழுது வெக்கை, ஒருபொழுது குளிர் என்று இருந்தது. இப்போது ஒரே சீராக இருக்கிறது என்று பிறகு அவவே சொன்னா.

இதற்குச் சில எச்சரிக்கைகள் உண்டு. வீட்டில் சுடுதண்ணீர்த் தாங்கி இருந்தால் இந்த 60ஐ நீங்களாகவே செய்ய வேண்டாம். தாங்கியில் சேமிக்கும் தண்ணீர் 60 பாகைக்குக் குறைந்தால் லெஜியனெல்லா என்ற கிருமி வளர வழியாகும். அப்படிப்பட்ட வீட்டில் பொறியியலாளரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். தாங்கி இல்லாத கொம்பிக்குத்தான் நான் சொல்வது. அடுத்தது, மிகக் கடுமையான குளிரில் 60 போதாமல் அறை 18ஐத் தாண்டாவிட்டால் யோசிக்காமல் 65க்கோ 70க்கோ ஏற்றுங்கள், குளிர் தணிந்ததும் இறக்குங்கள். நாங்கள் இளங்குளிர் மாதங்களில் 55இல் கூட ஓட்டுகிறோம். பொயிலரின் மூடியைக் கழற்றும் வேலை எதையும் யாரும் தொடக் கூடாது. திரையில் இருக்கும் பொத்தான்கள் மட்டும் எங்களுக்குரியவை. காபன்மொனொக்சைட் என்ற நச்சு வாயு கசிந்தால் எச்சரிக்கும் அலாரம் ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

சில கொம்பிகளில் இன்னொரு விஷயம் இருக்கிறது. குழாயைத் திறந்தவுடன் சுடுதண்ணீர் வர வேண்டும் என்று பொயிலர் இரவும் பகலும் தன்னைத்தானே சூடாக வைத்திருக்கும். ஒருவரும் தண்ணீர் திறக்காத நேரத்தில் அது இடையிடையே எரிந்து அணைவதைக் கேட்டுக் கண்டுபிடிக்கலாம். 'ஈக்கோ' என்ற பொத்தானை அழுத்தினால் அது நிற்கும். சுடுதண்ணீர் வரச் சில வினாடிகள் கூட எடுக்கும்.

ரேடியேற்றர்களில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மேற்பகுதி குளிர்ந்து கீழ்ப்பகுதி சூடாக இருந்தால் உள்ளே காற்று. ஹீற்றிங்கை நிற்பாட்டி, ஆறவிட்டு, சின்னத் திறப்பால் மெல்லத் திறந்தால் உஸ் என்று காற்றுப் போகும். தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூட வேண்டும். பிறகு பொயிலரின் அழுத்தமானி 1க்கும் 1.5க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கீழ்ப்பகுதி நடுவில் குளிர்ந்திருந்தால் அது சேறு; அதற்கு ஆள் வேண்டும். பக்கத்தில் இருக்கும் இலக்கம் போட்ட திருகி அறைச் சூட்டுக்கு உரியது. 3 என்பது ஏறக்குறைய 20 பாகை. அதை 5க்குத் திருப்பினால் அறை கெதியாகச் சூடாகாது, அளவுக்கு மேலே சூடாகும். பாவிக்காத அறைகளை 1இலோ 2இலோ விட்டுக் கதவைச் சாத்துகிறோம். அடியோடு பூட்டினால் அந்த அறையில்தான் பூஞ்சணம் தொடங்கும். யன்னல் சீலை ரேடியேற்றருக்கு மேலே தொங்கினால் சூடு சீலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் போய்விடும். நான் எல்லாச் சீலையையும் யன்னல் விளிம்போடு வெட்டித் தைத்தேன். சோபாவை ரேடியேற்றரோடு ஒட்டிப் போடுவதும் அப்படித்தான்.

தெர்மோஸ்ரற்றில் ஒரு பாகை குறைத்தால் 10 சதவீதம் வரை குறையும் என்பது வழமையாகச் சொல்லும் கணக்கு. 23இல் இருந்த வீடு 20க்கு வந்தால் பெரிய மாற்றம்தான். 20இலிருந்து 16க்குப் போகிறேன் என்றால் நான் தடுப்பேன். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டு வழிகாட்டல், குளிர் நாடுகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை வேண்டும் என்கிறது. வயதானவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் வருத்தக்காரருக்கும் அதற்கு மேலே தேவைப்படலாம். குளிர் அறையில் இரத்த அழுத்தம் ஏறும், இளைப்புக் கூடும். அம்மாவின் அறை 20க்குக் கீழே இறங்க விடுவதில்லை என்று நாங்கள் முதலிலேயே முடிவெடுத்துவிட்டோம். மற்ற எல்லாத் திட்டமும் அதற்குப் பிறகுதான்.

"நாள் முழுக்கக் குறைந்த சூட்டில் விட்டுவிடுவதுதான் மலிவு, அணைத்து அணைத்துப் போட்டால் கூட எரியும்" என்று அடிக்கடி கேட்கிறேன். எங்கள் வீடு மாதிரி வெப்பம் ஒழுகும் வீட்டுக்கு அது பொருந்தாது. உள்ளே சூடாக இருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் வெளியே வெப்பம் போய்க்கொண்டே இருக்கும். ஆட்கள் இல்லாத நேரத்தில் குறைத்துவிட்டு, வருவதற்கு முன்பு திரும்பத் தொடங்குவதுதான் மிச்சம். அம்மா பகலிலும் வீட்டில் இருப்பதால், பகலில் அவவின் அறையும் முன்னறையும் மட்டும் சூடாக இருக்கும்.

காற்றோட்டைகளைக் கண்டுபிடித்தது அம்மாதான். "எங்கயோ காத்து ஊதுது" என்று முதல் குளிர்காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தா. சாமித் தட்டில் கொளுத்தும் ஊதுவத்தியின் புகை நேரே மேலே போகாமல் பழைய கணப்பு அடுப்பின் பக்கம் இழுபடுவதைக் காட்டினா. அந்த அடுப்பு பல காலமாக எரிவதில்லை. புகைபோக்கி மட்டும் திறந்தபடி, நாங்கள் காசு கட்டிச் சூடாக்கிய காற்றை இரவும் பகலும் மேலே இழுத்துக்கொண்டிருந்தது. அடுத்த காற்றுள்ள நாளில் ஊதுவத்தியோடு வீடு முழுக்கச் சுற்றினோம். முன்கதவின் தபால் துவாரம், திறப்புத் துவாரம், சுவரோரத்தில் பலகைத் தரையின் இடுக்கு, குசினியில் தண்ணித்தொட்டிக்குக் கீழே குழாய் போகும் ஓட்டை, கூரைக்கு அடியில் இருக்கும் லொஃப்ற்றுக்கு ஏறும் மூடி. ஒவ்வொன்றிலும் புகை வளைந்தது. இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது, செலவும் இல்லை. சீலைகளை மட்டும் ஒதுக்கிப் பிடிக்க வேண்டும்.

புகைபோக்கிக்குள் கம்பளியால் செய்த அடைப்பு ஒன்றைச் செருகினோம். கொஞ்சம் மூச்சுவிடும் அடைப்பு. முழுக்க இறுக்கினால் உள்ளே ஈரம் தங்கும். தபால் துவாரத்துக்கு மயிர்த்தூரிகைச் சட்டம், தரையிடுக்குக்கு நிரப்பி, கதவுக்கு அடியில் றப்பர் விளிம்பு. எல்லாம் சேர்ந்தும் ஒரு கிழமைச் சாமான் செலவுக்குக் கிட்டத்தான் வந்தது. பொயிலருக்கு அடுத்து எங்களுக்கு அதிகம் வித்தியாசம் தந்தது இதுதான். வெப்பமானி அதே இலக்கத்தைக் காட்டினாலும் காலில் காற்றுப் படாதபோது குளிர் தெரியாது. அடைக்கக் கூடாத ஓட்டைகளும் உண்டு. வெளிச்சுவரின் அடியில் இருக்கும் துளைக்கற்கள் தரைப்பலகைக்குக் கீழே காற்றுப் போவதற்காக வைத்தவை; அவற்றை மூடினால் மரம் உக்கும். காஸ் அடுப்போ காஸ் கணப்போ இருக்கும் அறையின் காற்றுத் துவாரத்தையும் தொடக் கூடாது.

லொஃப்ற்றில் முந்தியவர்கள் போட்ட மெல்லிய பஞ்சு இருந்தது. இங்கே பரிந்துரைக்கும் தடிப்பு 270 மில்லிமீற்றர். தீராந்திகளுக்கு இடையில் ஓர் அடுக்கும், அதற்குக் குறுக்கே இன்னோர் அடுக்கும் விரித்தோம். முகமூடி, கையுறை, நீளக் கைச் சட்டை இல்லாமல் ஏற வேண்டாம். கூரை விளிம்புகளில் காற்றுப் போக இடம் விட வேண்டும். எங்கள் ஆட்களின் லொஃப்ற் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே: ஊருக்குப் போகும் சூட்கேஸ்கள், பொங்கல் பானை, பிள்ளைகளின் பழைய புத்தகம். அவற்றைப் பஞ்சுக்கு மேலே வைத்து அமுக்கினால் பஞ்சின் பலன் போய்விடும், அதற்குள் நிற்கும் காற்றுத்தானே வெப்பத்தைத் தடுக்கிறது. உயரக் கால்கள் பூட்டி, அதற்கு மேலே பலகை அடித்து, சாமான்களை அதில் ஏற்றினோம். ஏறும் மூடியின் முதுகிலும் பஞ்சு ஒட்ட வேண்டும். அதை எல்லோரும் மறப்பார்கள்.

இப்போது ஈரலிப்பு. வெப்பத்தைப் பற்றிக் கதைக்கும் ஆங்கிலக் கட்டுரைகள் எங்கள் குசினியைக் கணக்கில் எடுப்பதில்லை. பின்னேரம் புட்டு அவிப்போம், இடியப்பம் அவிப்போம், சோறு வடிப்போம், ஒரு பக்கம் பருப்புக் கொதிக்கும். ஒரு வீடு நிறைய ஆவி. அதோடு மழைநாளில் துவைத்த உடுப்பு ரேடியேற்றர்களின் மேலே. ஒரு தரம் துவைத்த உடுப்பிலிருந்து இரண்டு லீற்றர் வரை தண்ணீர் காற்றில் கலக்கும். சூடான காற்று அந்த ஈரத்தைத் தாங்கிக்கொள்ளும். குளிர்ந்த வெளிச்சுவரில் பட்டதும் விட்டுவிடும். அந்த ஈரத்தில் பூஞ்சணம் வளரும். ஹீற்றிங்கைப் போடாமல் விட்டால் சுவர் இன்னும் குளிரும், ஈரம் இன்னும் படியும். முதலில் சொன்ன அந்த வீடுகளில் நடந்தது இதுதான்.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. ரொச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வீட்டில் நெடுநாள் இருந்த பூஞ்சணத்தால் வந்த மூச்சு நோயில் 2020 டிசெம்பரில் இறந்தது. 2022 நவெம்பரில் மரண விசாரணை அதிகாரி அதை உறுதிப்படுத்தினார். அந்தத் தீர்ப்பு வந்த அதே குளிர்காலத்தில்தான் எங்கள் ஆட்கள் யன்னலையும் பூட்டி ஹீற்றிங்கையும் பூட்டி இருந்தார்கள். இதை எழுதும்போதும் எனக்கு மனம் பதறுகிறது.

நாங்கள் செய்வது இது. அவிக்கும்போது குசினிக் கதவைச் சாத்தி, காற்றிழுக்கும் விசிறியைப் போட்டு, அடுப்பு அணைந்த பிறகும் கால் மணித்தியாலம் ஓடவிடுவோம். சட்டிக்கு மூடி. குளித்த பிறகு குளியலறைக்கும் அப்படியே. காலையில் ஒரு பத்து நிமிடம் முன்யன்னலையும் பின்யன்னலையும் அகலத் திறப்போம். சூடு எல்லாம் போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை. போவது காற்று மட்டும். சுவரிலும் தளபாடங்களிலும் இருக்கும் சூடு அப்படியே நிற்கும், புதுக் காற்று கெதியாகச் சூடாகும். நாள் முழுக்க ஒரு யன்னலை அரைகுறையாகத் திறந்து வைப்பதுதான் நட்டம். அலுமாரிகளை வெளிச்சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தோம்.

உடுப்புக்கு ஓர் ஈரமகற்றி வாங்கினோம். அது ஏறக்குறைய 200 வாற். ஒரு சின்ன அறையில் கொடியில் உடுப்பைப் போட்டு, கதவைச் சாத்தி ஐந்து மணித்தியாலம் ஓடவிட்டால் ஓர் அலகு, அன்றைய விலையில் 34 பென்ஸ். பழைய வகை உலர்த்தும் இயந்திரம் அதே உடுப்புக்கு நாலைந்து அலகு எடுக்கும். ஈரமகற்றி எடுக்கும் மின்சாரம் கடைசியில் அந்த அறைக்குள்ளேயே சூடாகத் தங்குகிறது என்பது கூடுதல் நன்மை. ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே நிற்கிறதா என்று அம்மாவின் சின்ன மானியில் பார்த்துக்கொள்கிறோம்.

சூட்டைக் குறைத்த வீடுகளில் தோசைமா புளிக்காது என்ற முறைப்பாடும் உண்டு. அதற்காக ஹீற்றிங்கை இரவு முழுக்க விட வேண்டியதில்லை. மின்சார அவன் அடுப்பைப் போடாமல், உள்ளே இருக்கும் மின்குமிழை மட்டும் எரியவிட்டு மாச்சட்டியை வைத்தால் விடிய பொங்கியிருக்கும்.

மின்சார ஹீற்றர்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். "காஸ் விலை, ஆகையால் ஃபேன் ஹீற்றர் வாங்கினேன்" என்ற கதையைக் கேட்கும்போது எனக்கு வேதனையாக இருக்கும். 2 கிலோவாற் ஹீற்றர் ஒரு மணித்தியாலத்துக்கு 2 அலகு. 34 பென்ஸ் விலையில் 68 பென்ஸ். இரவில் நாலு மணித்தியாலம் போட்டால் மாதம் எண்பது பவுணைத் தாண்டும், ஒரே ஓர் அறைக்கு. எண்ணெய் நிரப்பியது, விசிறி வைத்தது, 'சக்தி மிச்சம்' என்று பெட்டியில் எழுதியது, எல்லாம் ஓர் அலகுக்கு ஒரே அளவு வெப்பம்தான் தரும். அலகுக்கு அலகு மின்சாரம் அன்று காஸைவிட மூன்று மடங்குக்கு மேல் விலை. இரண்டும் 2022 உச்சியிலிருந்து இறங்கிய பிறகும் மின்சாரம் காஸைவிடப் பல மடங்கு விலையாகத்தான் இருக்கிறது. மின்சாரத்தில் உண்மையாகவே பெறுமதியானது மின்கம்பளி. ஏறக்குறைய 100 வாற். அன்றைய விலையில் மணித்தியாலத்துக்கு 3, 4 பென்ஸ். அம்மா படுக்கப் போவதற்கு முன்பு கட்டிலைச் சூடாக்குகிறோம். அறைச் சூட்டுக்கு அது மாற்று இல்லை. அவவின் மூட்டுக்கு அது சுகம்.

இவ்வளவும் சேர்ந்து, கொப்பியில் ஒரே மாதிரிக் குளிர் இருந்த கிழமைகளை எடுத்துப் பார்க்கும்போது, எங்கள் காஸ் அலகுகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. அம்மாவின் அறை முன்பைவிட வெதுவெதுப்பு.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், "எங்களால் என்ன செய்யலாம்" என்று கேட்பார்கள். பொயிலர் திரையும் ஊதுவத்தியும் ஈரமும் வாடகைக்காரருக்கும் பொதுவானவை. வீட்டின் சக்திச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். இங்கிலாந்தில் 2020 ஏப்ரிலிலிருந்து, விதிவிலக்குப் பதிவு இல்லாவிட்டால், அந்தச் சான்றிதழில் E தரத்துக்குக் கீழான வீட்டை வாடகைக்கு விடக் கூடாது. பொயிலர் இருக்கும் அறையில் காபன்மொனொக்சைட் அலாரம் வைப்பது 2022 ஒக்ரோபரிலிருந்து வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. பூஞ்சணம் என்றால் படம் எடுத்து, திகதியோடு எழுத்தில் அனுப்புங்கள். வாயால் சொன்னது நிற்காது. குறைந்த வருமானமும் உதவிக் கொடுப்பனவும் உள்ளவர்களுக்கு 150 பவுண் குளிர்காலக் கழிவு இருக்கிறது. வயதானவர்கள் இருந்தால் மின்சார நிறுவனத்தின் முன்னுரிமைப் பட்டியலில் பெயரைப் போடச் சொல்லுங்கள், இலவசம். மின்தடை வந்தால் அவர்களை முதலில் கவனிப்பார்கள். ஆங்கிலத்தில் தொலைபேசியில் கதைக்கத் தயங்கும் எங்கள் பெரியவர்கள் பலர் இந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் ஒரு பின்னேரம் பக்கத்தில் இருந்து செய்து கொடுக்கலாம்.

எங்களுக்கு மிஞ்சியிருக்கும் வேலை பின்சுவர். அம்மாவின் அறை வடக்குப் பார்த்தது, வெயில் படாத ஒற்றைச் செங்கல். அந்தச் சுவருக்கு உட்பக்கமாக வெப்பத்தடைப் பலகை அடிக்க விசாரித்துக்கொண்டிருக்கிறோம். வீடு முழுக்கச் செய்தால் ஆயிரக்கணக்கில் போகும். ஒரே ஒரு சுவர் என்றால் தாங்கலாம். அறையில் கொஞ்சம் இடம் போகும், ரேடியேற்றரையும் பிளக்குகளையும் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது யன்னலைச் சுற்றியுள்ள விளிம்பு. சுவர் முழுக்கப் பலகை அடித்துவிட்டு அந்த விளிம்பை வெறும் சாந்தாக விட்டால், அறையின் ஈரம் எல்லாம் அங்கே போய்ப் படியும், பூஞ்சணம் அந்த விளிம்பில் வரும். பழைய செங்கற்சுவர் ஈரத்தை உள்ளுக்கும் வெளிக்கும் விட்டு எடுப்பது. அதற்கு முன்னால் எந்தப் பொருளை ஒட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். விலை சொல்ல வரும் ஒவ்வொருவரிடமும் இந்த இரண்டையும்தான் முதலில் கேட்கிறேன். யன்னல் விளிம்பைப் பற்றிப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் அந்தச் சுவரை நாங்கள் கொடுக்கப் போவதில்லை.